அரைகுறையாகத் தெரிந்த மொழியில் முன்பின் தெரியாதவருக்கு உதவுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக ஒரு மொழி படிக்கிறீர்கள். ரயில் நிலையத்திலோ மருத்துவமனை வரிசையிலோ அந்த மொழி மட்டுமே தெரிந்த ஒருவர் திணறுவதைப் பார்க்கிறீர்கள். போய்ப் பேசலாமா, பேசினால் எதில் கவனமாக இருக்க வேண்டும், எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று பலரும் கேட்பவற்றைத் தொகுத்திருக்கிறோம். முதலிலேயே ஒன்று: புரியாத சொல்லால் பெரிய கேடு வராது, புரியவில்லை என்பது உங்களுக்கே தெரியும். புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்ட சொல்தான் ஆளைக் கவிழ்க்கும். கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை அதைப் பிடிப்பதற்கான வழிகள்தான்.

எவ்வளவு தெரிந்திருந்தால் உதவப் போகலாம்?

ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலில் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள் உண்டு. ஏ1 என்றால் எதிரே இருப்பவர் மெதுவாகப் பேசி ஒத்துழைத்தால் எளிய பேச்சு நடத்தலாம். எந்த நடைமேடை, எத்தனை மணிக்கு, கழிப்பறை எங்கே என்பதற்கு அது போதும். ஏ2வில் அன்றாட வேலைகளை முடித்துக்கொடுக்கலாம். ஒரு சிக்கலை விளக்கி அதற்குத் தீர்வு கேட்பதற்கு பி1 வேண்டும். மருத்துவம், சட்டம், பணப் பத்திரம் ஆகியவற்றுக்கு இந்த மூன்றும் போதாது.

ஆனால் சான்றிதழைவிட நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. அந்த மொழி பேசுபவர் ஒருவரை, அல்லது ஒரு ஒலிப்பதிவை, இயல்பான வேகத்தில் பத்துத் தொலைபேசி எண்களைச் சொல்லவைத்து எழுதிப் பாருங்கள். இரண்டு தவறினாலே, இனி எந்த எண்ணையும் காதால் மட்டும் கேட்டு ஏற்பதில்லை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இலக்கணத்தில் கெட்டிக்காரர்கள் பலர் இதில் தோற்கிறார்கள்.

பேச்சை எப்படித் தொடங்குவது?

மூன்றே வாக்கியங்கள். வணக்கம். உதவி வேண்டுமா? எனக்கு உங்கள் மொழி கொஞ்சம்தான் தெரியும், மெதுவாகச் சொல்லுங்கள்.

மூன்றாவதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். நூறு தடவை பயிற்சி செய்த முதல் வாக்கியம் உச்சரிப்பு பிசகாமல் வந்துவிடும். உடனே எதிரே இருப்பவர், தன் மொழிக்காரர் கிடைத்துவிட்டார் என்று மடை திறந்ததுபோலக் கொட்டத் தொடங்குவார். அதன்பின் 'மெதுவாக' என்று இடைமறிப்பது இருவருக்குமே சங்கடம். முதல் வாக்கியத்தையே கொஞ்சம் நிதானமாகச் சொன்னால் பதிலும் அதே நிதானத்தில் வரும்.

அவர் என்ன மொழி பேசுபவர் என்பதை முகத்தையும் உடையையும் வைத்து ஊகிக்காதீர்கள். மொழிபெயர்ப்புச் செயலியில் உள்ள மொழிப் பட்டியலைக் காட்டித் தொட்டுக்காட்டச் சொல்லலாம். மொழிப் பெயர்கள் அந்தந்த எழுத்திலேயே எழுதிய அட்டை கையில் இருந்தால் இன்னும் நல்லது.

நான் இந்தியில் பேசுகிறேன், அவர் இந்தியில்தான் பதில் சொல்கிறார், ஆனாலும் ஏதோ இடிக்கிறது. ஏன்?

இந்தி அவருக்கும் இரண்டாவது மொழியாக இருக்கலாம். தாய்மொழி வங்காளமோ ஒடியாவோ நேபாளியோ ஆக இருப்பவர் இந்தியில் பேசும்போது, உங்களைப் போலவே அவரும் பாதி வழியில் நிற்பவர். வங்காளத்தில் இலக்கணப் பால் கிடையாது. ஆகவே வங்காளம் பேசுபவரின் இந்தியில் ஆண்பால், பெண்பால் விகுதிகள் இடம் மாறி வரும். வினைமுற்றை வைத்து நோயாளி ஆணா பெண்ணா என்று முடிவு செய்யாதீர்கள். 'வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள்?' என்று கேட்டுவிடுவது நல்லது. அந்த மொழி தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் இடத்தை அவருக்கு விட்டுக்கொடுங்கள்.

நீ, நீங்கள் விஷயத்தில் எதைப் பிடிப்பது?

மரியாதை வடிவத்தை மட்டும் பழகுங்கள். இந்தியில் 'ஆப்', தெலுங்கில் 'மீரு', கன்னடத்தில் 'நீவு', பிரெஞ்சில் 'வூ', ஜெர்மனில் 'ஸீ'. கூடுதல் மரியாதையால் யாரும் புண்படுவதில்லை. மலையாளம் மட்டும் கொஞ்சம் வேறு: 'நிங்ஙள்' என்பது பெரியவர்களிடம் மரியாதைக் குறைவாகப் படலாம். 'சேட்டா', 'சேச்சி' என்று முறை சொல்லி அழைத்து, முன்னிலைப் பெயரையே தவிர்த்துவிடுவது பாதுகாப்பு.

முன்கூட்டியே எந்த வாக்கியங்களை மனப்பாடம் செய்வது?

பாடப்புத்தகத்தில் வரும் 'என் பொழுதுபோக்கு' வாக்கியங்களை ஒதுக்கிவையுங்கள். உதவிக்கு வேண்டியவை இவை:

- இதை இங்கே எழுதிக் காட்டுங்கள்.
- எங்கே என்று விரலால் காட்டுங்கள்.
- இன்னும் ஒரு தடவை, மெதுவாக.
- நான் சொல்வது சரியா? (இதற்குப் பின் நீங்கள் புரிந்துகொண்டதைச் சொல்ல வேண்டும்.)
- இந்தச் சொல் எனக்குத் தெரியாது. வேறு மாதிரி சொல்லுங்கள்.
- எப்போதிலிருந்து?
- எத்தனை பேர்?
- யாரைக் கூப்பிட வேண்டும்? எண் இருக்கிறதா?
- இங்கேயே இருங்கள், வருகிறேன்.
- இது எனக்குச் சரியாகத் தெரியாது, தெரிந்தவரை அழைக்கிறேன்.

கடைசி வாக்கியத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அளவுக்குப் பழகுங்கள். அது நாக்கில் வராதவர்கள்தான் தெரியாததைத் தெரிந்ததுபோல் சமாளிக்கிறார்கள்.

கடகடவென்று பேசுகிறார், பாதிதான் புரிகிறது. என்ன செய்வது?

முதலில் 'ம்' கொட்டுவதை நிறுத்துங்கள். தமிழில் அது 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்பதற்கான ஓசை. எதிரே இருப்பவருக்கு அது 'புரிந்தது, மேலே சொல்லுங்கள்' என்று படும். தலையாட்டலும் அப்படியே.

'என்ன சொன்னீர்கள்?' என்று மொத்தமாகக் கேட்டால் அதே வேகத்தில் அதே பேச்சு திரும்ப வரும். புரிந்த துண்டைப் பிடித்துக்கொண்டு, புரியாத ஓட்டையை மட்டும் கேளுங்கள்: 'உங்கள் தம்பி... எங்கே போனார்?' இப்படிக் கேட்டால் பதில் ஒற்றைச் சொல்லாக வரும், ஒற்றைச் சொல்லைப் பிடிப்பது எளிது. ஒரு கேள்வியில் ஒரே விஷயம். 'எப்போது, எங்கே, யாருடன் வந்தீர்கள்?' என்று மூன்றைச் சேர்த்தால் எந்தப் பதில் எதற்கு என்று தெரியாமல் போய்விடும்.

மூன்று நான்கு பதில்கள் சேர்ந்ததும் நிறுத்தி, 'நீங்கள் மூன்று பேர். காலையில் வந்தீர்கள். பை ரயிலிலேயே இருக்கிறது. சரியா?' என்று திருப்பிச் சொல்லுங்கள். அவர் சொன்ன அதே சொற்களைக் கிளிப்பிள்ளைபோல் திரும்பச் சொன்னால் 'சரி' என்றுதான் பதில் வரும், நீங்கள் புரிந்துகொண்டது தவறாக இருந்தாலும். உங்களுக்குத் தெரிந்த வேறு சொற்களில் சொல்லும்போதுதான் தவறு வெளியே வரும்.

'ஆமாம்' என்கிறார், ஆனால் அது ஆமாம் மாதிரி தெரியவில்லை.

எதிர்மறைக் கேள்வி கேட்டிருப்பீர்கள். 'வலிக்கலையா?' என்று தமிழில் கேட்டால் 'ஆமா' என்பதற்கு 'ஆமா, வலிக்கல' என்று பொருள். ஜப்பானியமும் பெரும்பாலும் இந்த வழிதான். ஆங்கிலத்தில் அதே கேள்விக்கு 'நோ' என்றால்தான் வலி இல்லை. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் எதிர்மறையை மறுப்பதற்கென்றே தனிச் சொல் இருக்கிறது: 'ஸி', 'டோஹ்'. இதையெல்லாம் நடுத்தெருவில் அலசிக்கொண்டிருக்க முடியாது. கேள்வியையே நேர்மறையாகக் கேளுங்கள்: 'வலிக்கிறதா?'

பதற்றத்தில் இருப்பவர் எதைக் கேட்டாலும் ஆமாம் என்பதும் உண்டு. 'காலையில் வந்தீர்களா, இரவில் வந்தீர்களா?' என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி கேட்டால் அது தெரிந்துவிடும். 'ஆமாம்' என்று பதில் வந்தால் கேள்வியே புரியவில்லை என்று பொருள். தலையசைப்பை நம்பவே வேண்டாம். பல்கேரியாவில் பக்கவாட்டில் ஆட்டினால் ஆமாம்.

எண்கள், நேரம், தேதி: எங்கெல்லாம் பிசகும்?

எல்லா இடத்திலும். தவறுகள் அதிகம் நடப்பது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

இந்தியில் 'சத்ரஹ்' 17, 'சத்தர்' 70. 'சாத்' 7, 'சாட்' 60. ஒன்று குறைவு என்பதை முன்னால் வைத்துச் சொல்லும் எண்கள் தனித் தலைவலி: 'உன்சட்' 59, 'உனஹத்தர்' 69. அறுபது, எழுபதைச் சேர்ந்த ஓசை காதில் விழுவதால் கற்பவர் பத்து கூட்டி எழுதிவிடுவார். நேரத்தில் 'சவா தோ' 2:15, 'டாயி' 2:30, 'பௌனே தோ' 1:45. இந்தக் கடைசிச் சொல்லில் 'தோ' மட்டும் காதில் விழுந்து இரண்டு மணிக்குப் போய் நின்றால் ரயில் போயிருக்கும். 'கல்' என்றால் நேற்றும்தான், நாளையும்தான். 'பர்சோ' என்றால் முந்தாநாளும், நாளை மறுநாளும். வினைச்சொல்லின் காலத்தை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். அது பிடிபடாவிட்டால் தேதியைக் கேளுங்கள்.

ஜெர்மனில் 54 என்பதை 'நான்கும் ஐம்பதும்' என்ற வரிசையில் சொல்வார்கள். கேட்டபடி எழுதினால் 45 ஆகிவிடும். அரபியிலும் இதே வரிசைதான். ஜெர்மனில் 'ஹால்ப் ஆஹ்ட்' என்றால் நேர்ப்பொருள் 'அரை எட்டு', மணி 7:30. பிரான்சின் பிரெஞ்சில் 97 என்பது 'நான்கு இருபது பத்து ஏழு'. 'நான்கு' என்று கேட்டதுமே 4 என்று எழுதிவிடாமல் முழுதும் முடியும்வரை பேனாவைத் தூக்கிப் பிடித்திருங்கள். சுவாஹிலியில் நாளின் மணிக்கணக்கு விடியலிலிருந்து தொடங்குகிறது. 'சா மோஜா' என்றால் சொல்லளவில் ஒரு மணி, காலை நேரத்தைப் பற்றிய பேச்சானால் கடிகாரத்தில் ஏழு. சீனத்திலும் ஜப்பானியத்திலும் பெரிய எண்களைப் பத்தாயிரம் பத்தாயிரமாக எண்ணுவார்கள். பணத் தொகையில் ஒரு சுழி கூடுவதும் குறைவதும் அதனால்தான்.

எழுத்திலும் கண்ணி உண்டு. 03/04 என்பது பல நாடுகளில் ஏப்ரல் 3, அமெரிக்காவில் மார்ச் 4. மாதத்தைப் பெயராக எழுதினால் சிக்கல் தீர்ந்தது. ஜெர்மன் முறையில் 1.500 என்பது ஆயிரத்து ஐந்நூறு, 1,5 என்பது ஒன்றரை.

வழி ஒன்றே ஒன்றுதான்: எண்ணை எழுதுங்கள், அவரிடம் காட்டுங்கள், அவர் வாயால் படிக்கச் சொல்லுங்கள். நேரத்துக்குக் கடிகார முகத்தை வரையலாம், நாளுக்குப் போனில் நாள்காட்டியைத் திறந்து தொடச் சொல்லலாம்.

படிக்கும் மொழி தமிழுக்கு நெருக்கமானது. அது வசதிதானே?

வசதிதான், வழுக்கலும் அதிகம். மலையாளத்தில் 'வெள்ளம்' என்றால் தண்ணீர். 'பனி' என்றால் காய்ச்சல். 'குழந்தைக்குப் பனி' என்று தாய் சொல்வதைக் கேட்டு, குளிர்கிறதாக்கும் என்று போர்வை கொண்டுவந்து போர்த்தினால் உள்ள காய்ச்சல் இன்னும் ஏறும்.

'அவசரம்' என்ற சொல்லைப் பாருங்கள். தமிழிலும் கன்னடத்திலும் அது விரைவு, பதற்றம். தெலுங்கில் தேவை. மலையாளத்தில் வாய்ப்பு, இந்தியின் 'அவ்சர்' என்பதும் அதுவே. தெலுங்குக்காரர் 'டாக்டர் அவசரம்' என்ற பொருளில் ஏதோ சொன்னால் மருத்துவர் தேவை என்கிறார். உயிர் போகிற அவசரமா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். 'சிக்ஷா' இந்தியில் கல்வி. மலையாளம், தெலுங்கு, கன்னடத்தில் இதே சொல் தண்டனை. 'சம்சாரம்' நம் பேச்சில் மனைவி, மலையாளத்தில் பேச்சு. 'வாருங்கள்' என்பதற்கான தெலுங்குச் சொல்லை இந்தி பேசும் பெண்ணிடம் சொல்லிவிடாதீர்கள், அங்கே அது கேவலமான வசை.

ஆகவே தமிழ் மாதிரியே ஒலிக்கும் சொல்லில்தான் நிறுத்தி நிதானிக்க வேண்டும். முற்றிலும் புதிய சொல்லை நீங்களே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வீர்கள்.

பெயரையும் முகவரியையும் எப்படிக் குறித்துக்கொள்வது?

தமிழ் எழுத்தில் மட்டும் எழுதாதீர்கள். க, ச, ட, த, ப ஆகியவை ஒவ்வொன்றும் பிற மொழிகளின் நான்கு ஒலிகள்வரை தாங்குகின்றன. 'பாலா' என்று எழுதிவைத்தால் ஒரு மணி நேரம் கழித்து அது எந்த 'ப' என்று உங்களுக்கே தெரியாது, அலுவலகப் பட்டியலில் தேடினாலும் கிடைக்காது. அவரையே அவர் எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவராக இருந்தால் அடையாள அட்டையில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதுங்கள். போனில் எழுத்துக்கூட்டிச் சொல்ல நேர்ந்தால் ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்ற பன்னாட்டு எழுத்து வரிசை பயன்படும்; இருபத்தாறு சொற்கள், ஒரு மாலையில் பழகிவிடலாம்.

'நாங்கள்' என்கிறார், எத்தனை பேர் என்று தெரியவில்லை. 'அவர்' என்கிறார், ஆணா பெண்ணா தெரியவில்லை.

தமிழ் கேட்பவரைச் சேர்த்து 'நாம்' என்றும் விலக்கி 'நாங்கள்' என்றும் பிரிக்கிறது. இந்தியில் இரண்டுக்கும் 'ஹம்'தான். இந்தி பேசும் சில பகுதிகளில் ஒற்றை ஆளும் தன்னை 'ஹம்' என்று சொல்வார். ஆகவே 'ஹம்' என்று கேட்டுவிட்டு இன்னொருவரைத் தேடிக் கூட்டத்துக்குள் ஓட வேண்டாம், 'மொத்தம் எத்தனை பேர்?' என்று கேட்டால் போதும்.

காணாமல் போனவரைப் பற்றிய பேச்சில் பால் முக்கியம். இந்தியின் 'வோ', வங்காளத்தின் 'ஷே' எதுவும் பால் காட்டாது. தமிழில் மாற்றிச் சொல்லும்போது வாய் தானாக 'அவன்' அல்லது 'அவள்' என்று ஒன்றைப் போட்டுவிடும், காவலரும் அதையே எழுதிக்கொள்வார். பையனா பெண்ணா, என்ன வயது, என்ன நிறச் சட்டை என்று தனித்தனியாகக் கேளுங்கள். அண்ணன் தம்பி உறவிலும் அப்படித்தான். பல மொழிகளில் சித்தப்பா மகனும் ஊர்க்காரரும்கூட, சகோதரன் என்று பொருள்படும் 'பாய்'தான்.

வழி கேட்பவருக்கு?

இரண்டு எழுத்தில் ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள். போக வேண்டிய இடத்தின் பெயர் மேலே உள்ளூர் எழுத்தில், கீழே அவர் படிக்கும் எழுத்தில் அதே பெயரின் ஓசை. மேல் வரி ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும், கீழ் வரி அவருக்கு. நான்கு திருப்பம் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல். வாயால் சொல்ல வேண்டியிருந்தால் இரண்டு கட்டங்களுக்கு மேல் சொல்லாதீர்கள். 'அங்கே போய் மறுபடி கேளுங்கள்' என்பது கண்ணியமான பதில்தான்.

மொழிபெயர்ப்புச் செயலி இருக்கும்போது நான் எதற்கு?

செயலியையும் பயன்படுத்துங்கள். ஆனால் அது தவறும்போது அதைக் கண்டுபிடிக்கக் கொஞ்சமாவது மொழி தெரிந்தவர் வேண்டும். நீங்கள் படிக்கும் மொழியின் தொகுப்பை இணைய இணைப்பில்லாமலும் வேலை செய்யும்படி இன்றே இறக்கி வையுங்கள். உதவி தேவைப்படும் இடங்களில் இணைப்பு கிடைக்காமல் போவது வாடிக்கை.

செயலியிடம் தமிழில் பேசும்போது எழுவாயை விழுங்கக் கூடாது. 'மாத்திரை சாப்பிட்டாச்சா?' என்பதில் யார் என்ற சொல்லே இல்லை. பொறி தன்பாட்டுக்கு 'அவர்' என்றோ 'நான்' என்றோ சேர்த்துவிடும். 'நீங்கள் இன்று மாத்திரை சாப்பிட்டீர்களா?' என்று எழுத்துநடையில், ஏழெட்டுச் சொல்லுக்குள் சொல்லுங்கள். பேச்சுத் தமிழும் பழமொழியும் கிண்டலும் அதற்குப் பெரும்பாலும் எட்டாது. வந்த மொழிபெயர்ப்பை மறுபடி தமிழாக்கிப் பார்ப்பது ஓரளவு உதவும், என்றாலும் இரு திசையிலும் ஒரே தவறைச் செய்யும் பொறியை அது காட்டிக்கொடுக்காது. பாஸ்போர்ட் எண், நோய் விவரம் போன்றவற்றை அதில் தட்டச்சு செய்யாதீர்கள்.

அவசர உதவி எண்ணை நான் அழைக்க வேண்டியிருந்தால்?

ஐரோப்பிய ஒன்றியம் முழுதும் 112, இந்தியாவிலும் 112. அமெரிக்காவிலும் கனடாவிலும் 911. முதலில் இடத்தைச் சொல்லுங்கள். அழைப்பு துண்டிக்கப்பட்டாலும் இடம் தெரிந்தால் வண்டி கிளம்பும். பிறகு என்ன நடந்தது, எத்தனை பேர், நினைவு இருக்கிறதா, மூச்சு விடுகிறாரா. உங்கள் மொழியறிவு தடுமாறினால் 'மொழிபெயர்ப்பாளர் வேண்டும்' என்ற சொற்றொடரையும் மொழியின் பெயரையும் சொல்லுங்கள். பல நாடுகளின் அவசர மையங்கள் இணைப்பிலேயே ஒருவரைச் சேர்க்கின்றன. அவர்கள் வைக்கும்வரை நீங்கள் வைக்காதீர்கள்.

சுற்றி வளைக்காமல் பெரிய சொல்லையே சொல்லுங்கள். 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க்கை நெருங்கிய கொலம்பிய விமானம் ஏவியாங்கா 52இன் விமானிகள் எரிபொருள் தீர்ந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள், முன்னுரிமை கேட்டார்கள், ஆனால் 'அவசரநிலை' என்ற சொல்லைக் கட்டுப்பாட்டு மையத்திடம் சொல்லவில்லை. விமானம் விழுந்து 73 பேர் இறந்தார்கள். வேற்று மொழியில் பணிவாகப் பேசப் பழகியவருக்கு இந்தக் கூச்சம் இயல்பு. 'கொஞ்சம் உடம்பு சரியில்லை போலிருக்கிறது' என்பதைத் தவிர்த்து 'மூச்சு விடவில்லை' என்று சொல்லுங்கள்.

மருத்துவமனையில் எதுவரை உதவலாம்?

பதிவுக் கூடத்தில் பெயர், வயது, யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும், எந்த மொழிக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பதுவரை தாராளமாக உதவலாம். வலி எங்கே என்று தொட்டுக்காட்டச் சொல்லலாம். எப்போதிலிருந்து, சுழியத்திலிருந்து பத்துவரை எவ்வளவு வலி என்று எழுதிக் காட்டிக் கேட்கலாம். சாப்பிடும் மருந்துகளின் அட்டையை மொழிபெயர்க்காமல் அப்படியே எடுத்துக் கொடுக்கலாம். இவை எல்லாமே சுட்டிக்காட்டியோ எழுதியோ சரிபார்க்கக்கூடியவை.

நோயின் பெயர், அறிகுறியின் தன்மை, மருந்தின் அளவு, அறுவைச் சிகிச்சைக்கான ஒப்புதல் ஆகியவற்றைத் தொடாதீர்கள். 1980இல் ஃபுளோரிடாவில் பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் மயங்கிய நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். குடும்பத்தார் ஸ்பானியத்தில் 'இன்டோக்ஸிகாடோ' என்றார்கள். சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவர்கள் பொருள். ஆங்கிலத்தில் அதேபோல் ஒலிக்கும் சொல்லாக அது போதை என்று எடுத்துக்கொள்ளப்பட்டு, போதை மருந்து அளவு மீறியதற்கான சிகிச்சை நடந்தது. உண்மையில் மூளையில் இரத்தக் கசிவு. அவருடைய கைகால்கள் நான்கும் செயலிழந்தன. அந்தச் சொல்லுக்கு விளக்கம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை, எல்லாருக்கும் புரிந்துவிட்டிருந்தது. ஸ்பானியத்தில் இப்படி இன்னும் பல உண்டு. 'எம்பராஸாதா' என்றால் கர்ப்பிணி, ஆங்கிலம் தெரிந்தவர் காதில் வெட்கப்படுபவர். மருந்துப் புட்டியில் ஆங்கிலத்தில் 'ஒரு முறை' என்பதற்கான சொல்லை ஸ்பானிய எழுத்துக்கூட்டில் படித்தால் 11.

மருந்து நேரத்தைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் மருந்தாளுநர் பக்கத்தில் இருக்கும்போதே செய்யுங்கள். தாளில் சூரியன், நிலா வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் மாத்திரைகளை வட்டமாக வரைந்து காட்டுங்கள். பிறகு நோயாளி தன் வாயாலும் கையாலும் திருப்பிச் செய்துகாட்டட்டும். 'புரிந்ததா?' என்று கேட்பது வீண், எல்லாரும் புரிந்தது என்றே சொல்வார்கள். அலகுகளிலும் கண் வையுங்கள். 38 டிகிரி செல்சியஸ் என்றால் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட். இரத்தச் சர்க்கரை சில நாடுகளில் 7 என்றும் வேறு நாடுகளில் அதே அளவு 126 என்றும் எழுதப்படும்; ஒன்றை மற்றதாக்க 18ஆல் பெருக்க வேண்டும்.

நீங்கள் இடையில் நின்று பேச வேண்டி வந்தால் மருத்துவரும் நோயாளியும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசும்படி சற்று ஒதுங்கி நில்லுங்கள். அவர் 'எனக்கு வலிக்கிறது' என்றால் நீங்களும் 'எனக்கு வலிக்கிறது' என்றே சொல்ல வேண்டும். 'அவருக்கு வலிக்கிறதாம்' என்று மாற்றத் தொடங்கினால் யாருக்கு என்ன என்பது சீக்கிரமே குழம்பும். உங்கள் கருத்தைச் சேர்க்காதீர்கள், கேட்கக் கூச்சமான பகுதியை விழுங்காதீர்கள். நோயாளியின் குழந்தைக்கு இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்தாலும், உயிராபத்து நேரம் தவிர, அதைப் பேசவைக்க வேண்டாம். தாயின் நோயை ஒரு குழந்தை வாயால் சொல்லவைப்பது கொடுமை, சொல் தவறவும் செய்யும்.

காவல் நிலையம், நீதிமன்றம், பத்திரம்?

தகவல் கொடுப்பதோடு நிறுத்துங்கள்: இவர் இன்ன மொழி பேசுபவர், மொழிபெயர்ப்பாளர் வேண்டும். குடிமை, அரசியல் உரிமைகளுக்கான 1966ஆம் ஆண்டுப் பன்னாட்டு உடன்படிக்கையின் 14ஆம் பிரிவு, நீதிமன்ற மொழி புரியாத குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு இலவசமாக மொழிபெயர்ப்பாளர் உதவி கிடைக்க வேண்டும் என்கிறது. அந்த உரிமையை அவருக்கு நினைவூட்டுவது உங்கள் ஓட்டை மொழிபெயர்ப்பைவிடப் பெரிய உதவி. நீங்கள் முழுதாகப் படித்துப் புரிந்துகொள்ளாத வாக்குமூலத்தில் சாட்சியாகவோ மொழிபெயர்த்தவராகவோ கையெழுத்துப் போடாதீர்கள்.

அவர் வாயைத் திறக்கும் முன்பே கூட இருப்பவர் பதில் சொல்கிறார்.

பெரும்பாலும் அக்கறையாகத்தான் இருக்கும். ஆனாலும் உதவி தேவைப்படுபவரின் அடையாள அட்டையையும் போனையும் கூட இருப்பவரே வைத்திருந்து, அவரைத் தனியாக விடவும் மறுத்தால் கவனியுங்கள். நேருக்கு நேர் கேட்டு மோத வேண்டாம். பொறுப்பில் உள்ள அதிகாரியிடமோ செவிலியரிடமோ தனியே சொல்லுங்கள். அவர்களால் இருவரையும் இயல்பாகப் பிரித்து உட்காரவைக்க முடியும்.

போன், பணம், கடவுச்சீட்டு?

உங்கள் போனில் எண்ணை நீங்களே அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டுப் பேசவிடுங்கள். போனைத் திறந்தபடி கையில் கொடுக்க வேண்டாம். அவருடைய பணத்தையோ கடவுச்சீட்டையோ நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள், பார்த்து எழுதியதும் அவர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள். ஆள் நடமாட்டமுள்ள இடத்திலேயே பேசுங்கள். இரு பக்கத்துக்கும் இது நல்லது.

நான் பேசத் தொடங்கியதும் அவர் ஆங்கிலத்துக்கோ தமிழுக்கோ மாறிவிட்டார்.

மாறிக்கொள்ளுங்கள். பயிற்சி வகுப்பு நாளைக்கும் இருக்கிறது.

பேரிடர் நேரத்தில் தன்னார்வலராகப் போகலாமா?

போகலாம், ஆனால் எந்த வேலைக்கு என்று தெரிந்து போங்கள். 2010 ஜனவரியில் ஹைத்தி நிலநடுக்கத்துக்குப் பின் 4636 என்ற எண்ணுக்கு ஹைத்தியக் கிரியோல் மொழியில் குறுஞ்செய்திகள் வந்து குவிந்தன. உலகெங்கும் சிதறியிருந்த ஹைத்தியர்கள் இணையம் வழியாக அவற்றை ஆங்கிலத்தில் மாற்றி, இடத்தையும் வரைபடத்தில் குறித்துக் கொடுத்தார்கள். அந்தச் செய்திகளில் பிழையான எழுத்துக்கூட்டும், தெருக்களுக்கு ஊர்க்காரர்கள் வழங்கும் பெயர்களும், 'இன்ன தேவாலயத்துக்குப் பின்னால்' என்பது போன்ற அடையாளங்களும் இருக்கும். அதைப் படிக்க அந்த ஊரில் வளர்ந்தவர் வேண்டும். புதிதாகக் கற்பவருக்கு வரிசை ஒழுங்குபடுத்துவது, பெயர் பதிவது, எந்த மொழிக்காரர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று காட்டுவது ஆகியவையே பொருத்தமான வேலை. அதிலும் ஆள் பற்றாமல்தான் இருக்கும்.

நான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று பிறகு உறைத்தால்?

உடனே திரும்பிப் போய், யாரிடம் சொன்னீர்களோ அவரிடமே 'முன்னால் சொன்னது தவறு, சரியானது இது' என்று சொல்லுங்கள். நேரமும் மருந்தும் இடமும் சம்பந்தப்பட்ட தவறானால் வெட்கம் பார்க்காதீர்கள்.

வேறொருவரிடம் ஒப்படைக்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

நன்றாக மொழி தெரிந்தவர் வந்ததும் விலகிக்கொள்ளுங்கள். ஆனால் சொல்லாமல் நழுவ வேண்டாம். எழுதிய தாளை அப்படியே கொடுத்து, அதில் உள்ளதை இரண்டாகப் பிரித்துச் சொல்லுங்கள்: இவை அவர் எழுதியோ காட்டியோ உறுதி செய்தவை, இவை நான் காதால் கேட்டு ஊகித்தவை. இரண்டாவது வகைக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தால் இன்னும் நல்லது. புதிதாக வந்தவர் அவற்றை மட்டும் மறுபடி கேட்டுக்கொள்வார். பின்னர் உதவி பெற்றவரிடம் திரும்பி, 'இவர் உங்கள் மொழி நன்றாகப் பேசுவார், நான் கிளம்புகிறேன்' என்று அவர் மொழியில் சொல்லிவிட்டுப் போங்கள். திடீரென்று நீங்கள் காணாமல் போனால் அவர் உங்களைத்தான் தேடிக்கொண்டிருப்பார்.